ஐயா சாப்பிடாத நாட்கள்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் போதும், வாங்கிய அடிகளின் கதை தொடங்கிவிடும். பூவரசந் தடி, பனை மட்டை, இடுப்புப் பட்டி, மாடு கட்டும் கயிறு என்று ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். ஒருவர் சட்டைக் கையை உயர்த்தித் தழும்பு காட்டுவார். இன்னொருத்தி, தன் கண்ணில் மிளகாய்த்தூள் பூசிய தாயைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது என்று முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவீர்கள். என்னை ஐயா ஒருநாளும் அடித்ததில்லை என்று நான் சொல்வேன். "குடுத்து வைச்சனீ" என்பீர்கள். உங்களில் சிலருக்கு ஐயாவையும் தெரியும். "அந்த மனுசன் தானே நடந்து காட்டிப் பிள்ளை வளர்த்தது" என்று அவருக்காக ஒரு பெருமூச்சும் விடுவீர்கள்.

நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். இத்தனை வருடம் அப்படி இருந்தது போதும். உங்கள் தழும்புகளைப் பார்த்து எனக்குப் பொறாமை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அடி என்றால் அது எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தக் காலத்தை நினைத்தால் நோவதில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது. நண்டுக் கறியின் மணம் எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் ஓங்காளம் வருகிறது.

புத்தூரில், பருத்தித்துறை றோட்டில் இருந்து இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு, தங்கச்சி நாலு மாதக் கைக்குழந்தை. வளவுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். அந்த வைகாசியில் வெங்காயம் கிண்டி, பிடி பிடியாகக் கட்டி, மால் கொட்டில் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். உடுப்பு, தலைமயிர், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றிலும் வெங்காய மணம்.

ஐயா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பிரம்பு தொடாத வாத்தியார் என்று பெயர். வாத்தியார் என்றால் பிரம்பு என்றிருந்த காலத்தில் அது பெரிய அதிசயம். விடிய முதல் எழும்புவார். தன் வேட்டியைத் தானே தோய்ப்பார். ஒழுங்கையில் கடதாசி கிடந்தால் குனிந்து எடுப்பார். எங்களைப் படி என்று ஒருநாளும் சொன்னதில்லை; தான் விளக்கடியில் புத்தகத்தோடு போய் இருப்பார், நாங்களும் போய் இருக்க வேண்டும். "பிள்ளையள் நாங்கள் சொல்லிறதைக் கேக்காதுகள். செய்யிறதைத்தான் பாக்குங்கள்" என்பார். அது சரி. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எல்லாவற்றையும் தானே செய்த மனுசன் செய்யாதது ஒன்று உண்டு. சாப்பிட்ட கோப்பையை அவர் கழுவியதில்லை. நீலக் கரை போட்ட, தட்டையான எனாமல் கோப்பை அது. ஐயா சாப்பிட்டுக் கை கழுவப் போனதும் அம்மா அதே பலகையில் இருந்து, அதே கோப்பையில் தனக்குச் சோறு போட்டுச் சாப்பிடுவார். ஐயா சாப்பிட முதல் அம்மா ஒரு வாய் வைத்ததை நான் கண்டதில்லை. ஐயா அதை வற்புறுத்தவில்லை. யாருமே வற்புறுத்தவில்லை. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது, இல்லையென்று சொல்லாதீர்கள்.

ஐயாவின் வைத்தியம் என்னவென்றால், நாங்கள் பிழை விட்டால் அவர் தன்னைத் தண்டிப்பார். தம்பி சீனிப் பேணிக்குள் கைவிட்டு அள்ளித் தின்றான். ஐயா அவனைக் கூப்பிட்டு மடியில் இருத்தினார். "சீனி உனக்கு இவ்வளவு ஆசையெண்டால் அது நான் பழக்கின ஆசை. இண்டையிலை இருந்து ஒரு மாதம் நான் சீனி தொடன்" என்றார். தம்பி குழறி அழுதான். அந்த மாதம் முழுக்க ஐயா வெறுந்தேத்தண்ணியை எங்கள் முன்னால் இருந்து, முகம் சுளிக்காமல், மெல்ல மெல்லக் குடித்தார். எங்கள் தேத்தண்ணிக்கு மட்டும் அவரே சீனி போட்டுக் கலக்கித் தருவார். கரண்டி தட்டும் சத்தம் எனக்குக் காதுக்குள் குத்தும். அம்மாவும் அந்த மாதம் வெறுந்தேத்தண்ணிதான் குடித்தார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, நான் உட்பட.

நண்டும் அப்படித்தான் போனது. அம்மா தென்மராட்சியில் கடல்நீரேரிக் கரையோரத்து ஊர்ப் பிள்ளை. நண்டு என்றால் உயிர். உடைத்த நண்டை மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் விட்டு வைத்து, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டு மூடுவார். மூடியைத் திறக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருநாள் பெரிய கால் ஒன்றுக்காக நானும் தம்பியும் கட்டிப் பிடித்து உருண்டோம். ஐயா தன் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார். "நான் ஆசைப்பட்டுத் தின்னிறதைப் பாத்துத்தானே இதுகள் அடிபடுதுகள். இனி நான் நண்டு தொடமாட்டன்" என்றார். வீட்டுக்காரன் தொடாததை வீட்டில் சமைப்பது எப்படி? அம்மாவின் நண்டுச் சட்டி கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியாகப் போனது. சைக்கிளில் வரும் மீன்காரர் படலையடியில் நின்று, "பிள்ளை, நல்ல நண்டு கிடக்கு" என்று கூப்பிடுவார். "எங்களுக்கு வேண்டாமண்ணை" என்று அம்மா குசினிக்குள் இருந்தே சொல்லிவிடுவார். வெளியில் வந்து எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

தங்கச்சி பிறந்த பிறகு ஐயா புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். வீட்டில் ஏதாவது உடைந்தால், காணாமல் போனால், செய்தவர் தானாக வந்து சொல்லும்வரை அவர் சாப்பிடமாட்டார். முதன்முதல் லாம்புச் சிமினி உடைந்தது. தம்பியின் பந்து பட்டுத்தான் உடைந்தது, எனக்குத் தெரியும். பயத்தில் அவன் வாய் திறக்கவில்லை. மத்தியானம் ஐயா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கதிரையில் கண்ணை மூடி இருந்தார். அம்மா சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார். பின்னேரமும் ஐயா அப்படியே இருந்தார். அம்மாவின் உதடு காய்ந்து வெளிறிப் போயிருந்தது. பிள்ளை முலையை விட்டுவிட்டு அழுவதும் மறுபடி பிடிப்பதுமாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் ஐயா உடைச்சனான்" என்று போய் நின்றேன்.

ஐயாவின் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்து உச்சி மோந்தார். பிறகு சாப்பிட்டார். பிறகு அம்மா சாப்பிட்டார். அம்மா மூன்று தரம் சோறு போட்டதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நான்தான். மை கொட்டியது நான், கன்றை அவிழ்த்து விட்டது நான், பஞ்சாங்கத்தைக் கிழித்தது நான். யார் செய்தது என்றுகூட நான் விசாரிப்பதில்லை. ஐயா சால்வையை எடுக்கும் முன்னமே ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன். பத்து வயதில் நல்ல தேர்ந்த பொய்க்காரி. ஐயா அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "தடி எடுத்திருந்தால் உந்த உண்மை வருமே? கேட்டுப் பாருங்கோ, தன்ரை பிழையைத் தானே வந்து சொல்லும்" என்று என்னைக் காட்டுவார். வந்தவர்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள்.

இப்போது பேனையின் கதைக்கு வருகிறேன்.

ஐயாவிடம் ஒரு பவுண்டன் பேனை இருந்தது. கறுப்பு உடல், தங்க நிறக் கிளிப். முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பிரியாவிடையின்போது கொடுத்தது. அது சட்டைப் பையில் இல்லாமல் ஐயா படலை தாண்டமாட்டார். ஒரு சனிக்கிழமை காலை அதைக் காணவில்லை. ஐயா என்னையும் தம்பியையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார், அவரிடமும் கேட்டார். யாரும் எடுக்கவில்லை. "சரி. எடுத்தவை வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியில் போய்விட்டார்.

மத்தியானம் கழிந்து வந்தார். நான் வாசலிலேயே காத்து நின்று, "நான்தான் ஐயா எடுத்தனான்" என்றேன்.

"எங்கை பேனை?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. சிமினி உடைந்தது உடைந்ததுதான், பேனை அப்படியில்லை. "எங்கையோ விழுத்திப் போட்டன்" என்றேன்.

ஐயா சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். "உண்மையைச் சொன்னது நல்லது. ஆனால் எடுத்ததைத் திருப்பிக் குடுத்தால்தான் அது முழு உண்மை. தேடு பிள்ளை. நான் காத்திருக்கிறன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தேடினேன். நான் எடுக்காத பேனையை, நான் விழுத்தாத இடமெல்லாம் தேடினேன். மாட்டுக் கொட்டிலில் வைக்கோலைக் கிளறினேன். சாம்பல் மேட்டைக் கையால் அளைந்தேன். மாலில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடிகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். சருகு கண்ணுக்குள் விழுந்து எரிந்தது. தம்பியும் என்னோடு தேடினான். பாவம், அவன் நான் எடுத்தது என்றே நம்பிக்கொண்டு, "எங்கையக்கா வைச்சனீ, கொஞ்சம் யோசியன்" என்று கெஞ்சினான்.

ஞாயிறு விடிந்தது. அம்மா முதல்நாள் காலை குடித்த தேத்தண்ணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தார். எங்களுக்குப் புட்டு அவித்துத் தந்தார். நான் ஒரு பிடி உருட்டி அம்மாவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவர் பட்டினி கிடக்கேக்கை நான் விழுங்கிறதோ? நீ தின் பிள்ளை." தங்கச்சி விடியத்தொடங்கிய அழுகையை நிறுத்தவில்லை. வாயை வைத்து இழுத்துப் பார்க்கும், ஒன்றும் வராது, முதுகை வளைத்துக்கொண்டு கத்தும். அம்மா துணியைச் சீனித்தண்ணீரில் நனைத்து அதன் வாயில் பிழிந்தார். ஐயா, "நான் கோயிலடிக்குப் போட்டு வாறன், உந்த அழுகை கேக்க ஏலாமல் கிடக்கு" என்று சால்வையை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் அம்மா கிணற்றடியில் விழுந்தார். வாளி பாதி மேலே வந்திருந்தது. கயிறு கையை விட்டு ஓடியது, வாளி தண்ணீரில் அறைந்த சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். அம்மா கிணற்றுக் கட்டில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். மெல்ல எழுந்து, "தலை சுத்தினது, ஒண்டுமில்லை" என்றார். அவர் செத்துப்போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தங்கச்சியும் செத்துப்போகும். என்னால்தான், என் அரைகுறைப் பொய்யால்தான். மாமி வந்து சொன்னால் ஐயா கேட்பார் என்று நினைத்தேன். மாமி என்றால் ஐயாவின் தங்கச்சி. அடுத்த ஒழுங்கையில் வீடு. மாமா கொழும்பில் உத்தியோகம், மாமி தனியே இருந்தார்.

ஒழுங்கையால் சுற்றிப் போகாமல், இரண்டு வளவுக்கும் இடையில் இருந்த வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போனேன். அது மாமியின் குசினிப் பின்பக்கம் கொண்டுபோய் விடும். அங்கே சாம்பலும் குப்பையும் கொட்டிக் கிடந்தது. வெறுங்காலோடு அதை மிதித்துக்கொண்டு ஓடியவள், குசினிக்குள் ஐயாவின் குரல் கேட்டு நின்றேன். கிடுகுத் தட்டியில் ஒரு நீக்கல் இருந்தது, அதனூடாகப் பார்த்தேன்.

ஐயா பலகையில் சப்பாணி கட்டி இருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் கொளுவியிருந்தார். முன்னால் புட்டும் நண்டும். ஒரு காலைப் பல்லுக்கிடையில் வைத்து நெரித்து, ஓட்டைத் துப்பி, உள்ளே இருந்ததை உறிஞ்சினார். உறிஞ்சும் சத்தம் எனக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. மஞ்சள் எண்ணெய்க் குழம்பு மணிக்கட்டால் வழிந்து முழங்கை வரைக்கும் போனது. அவர் கையை உயர்த்தி முழங்கையில் இருந்து மேலே நக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் நுனிவிரலுக்கு மேல் சோறு படாமல் சாப்பிடுகிற மனுசன்.

"நேற்றைக் கணவாயிலும் பாக்க இது திறம்" என்றார்.

ஜன்னல் கட்டையில் பேனை இருந்தது. கறுப்பு உடல், தங்க நிறக் கிளிப்.

"அண்ணை, பேனை இஞ்சை கிடந்ததெண்டு வீட்டை சொல்லிப்போட்டியளோ?" என்று மாமி கேட்டார். "வெள்ளிக்கிழமை என்ரை இவருக்குக் காயிதம் எழுதித் தந்திட்டு விட்டிட்டுப் போனதெல்லே."

"இப்ப சொல்ல ஏலாது. மூத்தவள் தான் எடுத்ததெண்டு வந்து சொல்லிப்போட்டாள்."

"அப்ப பிள்ளை பொய்யெல்லே சொல்லியிருக்கு?"

ஐயா இன்னொரு காலை நெரித்தார். "பொய் எண்டு ஏன் எடுக்கிறாய்? என்ரை பட்டினியைத் தாங்கமாட்டாமல் பழியைத் தானே ஏற்குது. அந்த அளவுக்குப் பிள்ளை வந்திருக்கு. நான் இப்ப பேனையோடை போய் நிண்டு அதைக் கெடுக்கிறதே? பொழுதுபடப் போறன்."

"மச்சாள் சாப்பிட்டவவோ? பால் குடுக்கிறவ."

"அவவை ஆர் சாப்பிட வேண்டாமெண்டது? நான் ஒருநாளும் சொல்லேல்லையே. இன்னும் கொஞ்சம் குழம்பு விடு."

மாமி குழம்பு விட்டார். முருங்கையிலை போட்டு வைத்த குழம்பு. அந்த மணம் தட்டியால் வந்து என் முகத்தில் அடித்தது. சாம்பல் மேட்டடியில் குந்தி, காலையில் தின்ற புட்டு முழுவதையும் சத்தி எடுத்தேன். சத்தம் கேட்டிருக்கும். கோழியோ நாயோ என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பாயில் படுத்திருந்தார். தங்கச்சி அழுது களைத்து விக்கிக்கொண்டிருந்தது. "எங்கை ஓடினனீ?" என்று கேட்டார். "மாமியைக் கூப்பிடப் போனனான். மாமி வீட்டிலை ஒருத்தரும் இல்லை" என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் வழி நெடுக ஓடி வந்தேன். ஆனால் அந்தக் காய்ந்த உதட்டைப் பார்த்ததும், இரண்டு நாளாக அவர் கிடந்த பட்டினி வெறும் பகிடியாகிவிடும் என்று வாய் அடைத்துப்போனது.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். எழும்பி இருந்து, என் பாதத்தைத் தன் மடிக்கு இழுத்து, குதிக்காலில் ஒட்டியிருந்த எதையோ பிய்த்து எடுத்தார். சிவந்த சின்ன நண்டு ஓட்டுத் துண்டு. அதை ஜன்னலால் வேலிப் பக்கம் எறிந்தார். "காலைக் கழுவிப்போட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

பொழுதுபட ஐயா வந்தார். பேனையைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். "ஒழுங்கை முடக்கிலை கிடந்தது. பிள்ளை உண்மையைச் சொன்னபடியால் பொருளும் தானாய் வந்து சேர்ந்திட்டுது" என்றார். தம்பி துள்ளிக் குதித்தான். ஐயா என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையில் கையை வைத்தார். தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். தேசிக்காய்க்குக் கீழே நண்டு வெடுக்கு அப்படியே இருந்தது. அந்தக் கை என் வகிட்டில் மெல்ல மெல்லத் தடவியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சோறு போட்டார். ஐயா பலகையில் இருந்து நாலு வாய் சாப்பிட்டார். அதற்கு மேல் இறங்கவில்லை. "ரெண்டு நாள் பட்டினியெல்லே, வயிறு சுருங்கிப் போச்சு" என்று எழும்பிவிட்டார்.

அம்மா அந்தப் பலகையில் இருந்தார். நீலக் கரைக் கோப்பையில் ஐயா பிசைந்து விட்ட சோறு, அவர் விரல் அளைந்த பருப்பு, கடித்து வைத்த மிளகாய். அதன்மேல் தனக்குச் சோறு போடாமல், பானையைத் திறக்கக்கூடப் பொறுமை இல்லாமல், அந்த மிச்சத்தை அள்ளி அள்ளி விழுங்கினார். விக்கல் எடுத்தது, அப்போதும் நிறுத்தவில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்கு ஐயாவின் மேல் மட்டும்தான் அருவருப்பு வந்தது என்று சொன்னால் அதுவும் பொய். அந்தச் சோற்றை அப்படித் தின்ற அம்மாவையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் வாசிகசாலை ஆண்டு விழாவில் ஐயா பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசினார். பேனைக் கதையைச் சொன்னார். இரண்டு நாள் பட்டினி என்று வந்ததும் பின்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் உங்களில் யாராவது இருந்தீர்களோ தெரியாது. அம்மா பிள்ளையோடு கடைசி வாங்கில் இருந்தார். அவரும் தட்டினார்.

ஐயா செத்தது எண்பதுகளின் தொடக்கத்தில். நான் கலியாணம் முடித்துப் பண்டத்தரிப்புக்கு வந்துவிட்டேன், எட்டு வயதில் ஒரு மகளும் இருந்தாள். ஊர் திரண்டு வந்தது. அவரிடம் படித்தவர்கள் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவர் நினைவாக அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குத் தம்பி அப்போதே எழுதத் தொடங்கிவிட்டான். "கைநீட்டாமல் வாழ்ந்து காட்டி வளர்த்த எந்தை" என்று முதல் வரி. என்னைப் பார்த்து, "நீயும் ஒரு பக்கம் எழுது அக்கா, பேனைக் கதையை எழுது" என்றான். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

எட்டாம் நாள் செலவுப் படையலுக்கு, செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். என்னென்ன செய்வது என்று பந்தலில் கதை வந்தது. "ஐயாவுக்கு விருப்பமெண்டு என்ன இருந்தது? மனுசன் சந்நியாசி மாதிரி" என்றான் தம்பி. யாரோ வாழைப்பழம் என்றார்கள், யாரோ பயத்தம் பணியாரம் என்றார்கள். அம்மா வெள்ளைச் சேலையோடு மூலையில் இருந்தார். எட்டு நாளாக வாய் திறக்காதவர், "நண்டு" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பணம் எடுத்துக் கொடுத்து, "பெரிசாப் பாத்து வாங்கு" என்று தம்பியிடம் சொன்னார். குசினிக்குள் ஒருத்தரையும் விடாமல் தானே உடைத்து, தானே வைத்தார். இருபது வருடமாக வைக்காத கை, ஒன்றையும் மறக்கவில்லை. பின்னேரம் ஐயாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, புட்டும், அதன் பக்கத்தில் குவியலாக நண்டும் வைத்தார்.

மாமி இலையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. "அண்ணை உதைத் தொடமாட்டாரே மச்சாள்" என்றார், மெல்லிய குரலில்.

"நீங்கள் வைக்கிற மாதிரியே முருங்கையிலை போட்டு வைச்சனான்" என்றார் அம்மா. "மணம் சரியோ எண்டு பாருங்கோ."

மாமி கற்பூரம் கொளுத்தும்வரைக்கும் நிற்கவில்லை.

படைத்து முடிந்தது. பந்தலில் ஆம்பிளைகளின் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குசினிக்குள் போனபோது அம்மா பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீலக் கரைக் கோப்பை கொளுவியில் தொங்கியது. அம்மாவின் கையில் இருந்தது புதுக் கோப்பை. நண்டுக் காலைப் பல்லில் வைத்து நெரித்து, நிதானமாக உறிஞ்சினார். யாரும் இன்னும் கை நனைக்கவில்லை. அன்றுதான் அம்மா முதலில் சாப்பிடக் கண்டேன்.

"எப்ப தொட்டுத் தெரியும்?" என்றேன்.

"முதல் நாளே. சிமினி உடைஞ்ச அண்டே கையிலை மணந்தது."

"தெரிஞ்சுகொண்டு ஏனம்மா சொல்லேல்லை?" என்றேன். "பிள்ளையோடை, சாகக் கிடந்துகொண்டு, ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

அம்மா ஓட்டைக் கோப்பையின் கரையில் வைத்தார். "நீயும் சொல்லேல்லைத்தானே பிள்ளை" என்றார். "உன்ரை காலிலை ஓடு ஒட்டியிருந்தது."

அம்மா சாப்பிட்டார். சட்டிக்குள் இன்னும் பாதி நண்டு கிடந்தது. கொஞ்ச நேரத்தால், "நீ சாப்பிட்டனியே?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. இவர் இன்னும் சாப்பிடேல்லை."

நான் யோசித்துச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குச் சாப்பிட வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் அவரும் அப்படித்தான் சொல்வார். அம்மாவின் கை பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். என் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. கண் வெட்டாமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயாவின் கை தலையில் ஊர்ந்தபோது வந்த அதே ஓங்காளம் தொண்டைக்குள் வந்தது. இந்தத் தரம் அது என்னைப் பார்த்து வந்தது.

அம்மா இன்னொரு புதுக் கோப்பையை எடுத்தார். புட்டு வைத்து, நண்டு போட்டு, குழம்பு விட்டு, தரையில் தன் பக்கத்தில் வைத்தார். "இரு" என்றார்.

நான் அவர் பக்கத்தில் இருந்தேன். ஒரு நண்டுக் காலை எடுத்துக் கடித்தேன். பந்தலில் இருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மென்று, விழுங்கி முடிக்கும்வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.